காலை ஆறு முதல் எட்டு வரை

சமையலறை ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கொத்தனார் கேட்டபோது ஆற்றுப் பக்கம் வைக்கச் சொன்னவள் சின்னவள்தான். காற்று வரும் என்று நினைத்தாள். காற்று வந்தது, கூடவே ஊரும் வந்தது.

"என்னம்மா, வெங்காயம் கருகுதே?" என்று காலையில் முதல் தலை எட்டிப் பார்க்கும். அது போனால் இரண்டாவது தலை. "வீட்டுக்காரர் கிளம்பிட்டாரா?" மூன்றாவது தலைக்குக் கேள்வியே கிடையாது. நின்று, அடுப்பை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும்.

தெருவிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற ஒரே குறுக்குப் பாதை இப்போது அந்த வீடு நிற்கிற மனை வழியாகத்தான் போனது. மனை பல காலம் சும்மா கிடந்தது. அப்போது யாரும் யாரையும் கேட்கவில்லை. சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்குகிற பெண்கள், படகு என்ஜின் பழுது பார்க்கிற மோட்டார்க்காரர், வேலைவெட்டி இல்லாத தூண்டில்காரர்கள், நாயைக் குளிப்பாட்டப் போகிறவர்கள் எல்லாரும் நடந்து நடந்து, புல் முளைக்காத ஒரு வெள்ளைக் கோடு மனையின் குறுக்கே விழுந்திருந்தது. பத்திரத்தில் அந்தக் கோடு இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒற்றை அறையில் வாடகைக்குக் கிடந்து, மனையை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது வெல்டரும் அவர் மனைவி சின்னவளும்.

சின்னவளும் அந்தக் கோட்டில் நடந்தவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் அக்காவோடு மட்டி பொறுக்கப் போனவள். அக்கா இன்றைக்கும் போகிறாள். தெருவில் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்வார்கள். பெரியவள் திரும்பி வரும்போது இரண்டு கை மட்டியை அள்ளித் தங்கச்சி வீட்டுப் படியில் வைத்துவிட்டு, ஜன்னலில் ஒரு வார்த்தை குறை சொல்லிவிட்டுத்தான் போவாள். "அடுப்பைக் குறைடி. அடி பிடிக்குது."

அந்த ஒரு வார்த்தை சின்னவளுக்குச் சுருக்கென்று தைக்கும். பிடித்தால் பிடிக்கட்டுமே, என் பாத்திரம்தானே என்று தோன்றும். சொந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துணி காயப்போட்டால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் தூண்டில்காரர் ஒருவர் தீப்பெட்டி கேட்டு நிற்பார். பகலில் கொஞ்சம் கண்ணை மூடினால் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ திட்டிக்கொண்டு போவார்கள். வாடகை வீட்டில் ஒரே ஒரு வீட்டுக்காரரைத்தான் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே ஊரே வீட்டுக்காரராக இருந்தது.

நிலம் அளக்க வந்தவர் ஆற்றோரம் ஒரு கல்லை நட்டு, "தண்ணி ஏறி நிக்கிற கோடு வரைக்கும் உங்களது. அதுக்குக் கீழே சேறு, மணல், மட்டி எல்லாம் பொதுச்சொத்து. யாரும் யாரையும் தடுக்க முடியாது" என்றார்.

"நான் எங்க தடுக்கிறேன்? பொதுச்சொத்துக்குத் தாராளமாப் போகட்டும். என் சொத்து வழியாப் போக வேண்டாம்" என்றார் வெல்டர்.

"வேற வழி?"

"பாலம் இருக்கே."

பாலம் இருந்தது. முக்கால் மணி நேரம் சுற்றி நடந்து, பாலத்துக்கு அடியில் இறங்கி, ஆற்றுப் படுகையோடு திரும்பி வர வேண்டும். கடலை ஒட்டிய ஆறு, தண்ணீர் தினமும் ஏறி இறங்கும். வற்றியிருந்தால்தான் அந்த வழியிலும் போக முடியும். ஏறிவிட்டால் அந்தப் பக்கம் ஆளை விழுங்குகிற சேறு. இந்தப் பக்கம் ஐஸ் பாக்டரியின் நீளச் சுவர். அளக்க வந்தவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "எல்லாருக்கும் சொந்தமானதுக்கு வாசல் மட்டும் உங்க வீட்டுல இருக்கு. என்ன பண்றது?" என்று சிரித்தார். வெல்டர் சிரிக்கவில்லை.

விஷயத்தை முற்ற வைத்தது ஒரு குழாய். பின்பக்கத் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள், யாரோ கால் கழுவிவிட்டுக் குழாயை மூடாமல் போய்விட்டார்கள். தொட்டி காலி. புதுத் தளத்துக்கு ஊற்ற ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சாயங்காலம் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. அடுத்த வாரமே ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழும்பியது, மேலே கண்ணாடிச் சில். தெருப் பக்கம் ஒரு சின்னக் கதவு, ஆற்றுப் பக்கம் ஒரு பெரிய கேட்.

ஊரில் பாதி கேட் அவர் கையால் செய்தது. தன் வீட்டுக்குச் செய்யும்போது கேட்க வேண்டுமா? கனத்த கம்பி, ஏற முடியாதபடி மேலே ஈட்டி முனை, பூட்டைச் சுற்றித் தடித்த தகட்டில் ஒரு பெட்டி. எவனும் சுத்தியலால் தொடக்கூட முடியாது. மாட்டும்போது சின்னவள்தான் ஒரு பக்கம் பிடித்தாள். சுவரில் பதித்த இரண்டு இரும்பு முளையில் கேட்டை ஏற்றி உட்கார வைத்தார்கள். வாடிக்கைக்காரர்களுக்கு என்றால் மேல் முளையின் தலையில் ஒரு சொட்டுப் பற்றவைத்துவிடுவார், யாரும் தூக்கிக் கழற்ற முடியாதபடி. "நம்மளுது இருக்கட்டும். இன்னொரு கை பெயின்ட் அடிக்கணும். கழற்ற வேண்டியிருக்கும்" என்றார். ஊருக்கெல்லாம் முடித்துக் கொடுப்பவர் வீட்டு வேலை எப்போதும் ஒரு சொட்டுப் பாக்கிதான்.

கேட் பூட்டிய அன்று பெரியவள் கூடையோடு தெருக் கதவுக்கு வந்து நின்றாள். தங்கச்சி கதவைத் திறந்தாள். பெரியவள் உள்ளே நிமிர்ந்து நின்ற சுவரைப் பார்த்தாள்.

"சுவர் நல்லா வந்திருக்கு" என்றாள்.

"அக்கா, உனக்கு மட்டும்னா அவர்கிட்ட..."

"எனக்கு மட்டும் என்னடி? பின்னால அஞ்சு பேர் நிக்கிறாங்க." கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்துவிட்டாள். படியில் வைக்கிற இரண்டு கை மட்டி அன்றோடு நின்றது.

தெரு சும்மா இருக்குமா? டீக்கடையில் பேச்சாகி, பேச்சு வாக்குவாதமாகி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வெல்டர் வீட்டிலேயே உட்கார்ந்து பேசுவது என்று முடிவானது. மோட்டார்க்காரர் வந்தார், டீக்கடைக்காரர் வந்தார், தூண்டில்காரர்கள் இரண்டு பேர், ஐஸ் பாக்டரி வாட்ச்மேன், தெருச் சங்கத்துச் செயலாளர். மட்டி பொறுக்குகிறவர்களில் ஒருத்தியும் வரவில்லை. எப்படி வருவார்கள்? காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. எல்லாரும் பாலத்தைச் சுற்றிப் போய்ச் சேற்றுத் திட்டில் குனிந்துகொண்டிருந்தார்கள்.

"சட்டப்படி உங்க பக்கம்தான் நியாயம். நான் இல்லைங்கல. ஆனா ஜனங்க பொழப்பும் இருக்குல்ல தம்பி?" என்றார் செயலாளர்.

"நான் என்ன கல் மனசுக்காரனாண்ணே? நாள் முழுக்க நடந்தாத்தான் தாங்க முடியல. ஒரு நேரம் வைங்க. அந்த நேரத்துக்கு நானே நின்னு திறக்கிறேன், நானே பூட்டுறேன். ஒரு நிமிஷம் பிந்த மாட்டேன்."

உண்மைதான். வெல்டர் கடிகாரம் தப்பாதவர். அவர் பட்டறை எட்டரைக்குத் திறக்கும் என்றால் எட்டரைக்குத்தான்.

"மட்டிப் பொம்பளைங்க எப்போ போவாங்க?" என்று கேட்டார்.

"இதோ, இப்பத்தான் போனாங்க. நேத்தும் இந்த நேரம்தான்" என்றார் வாட்ச்மேன். "காலைல ஆறு ஆறரைக்குப் போவாங்க, எட்டுக்குள்ள வந்துருவாங்க."

"அப்ப காலை ஆறு முதல் எட்டு. சாயங்காலம் தூண்டில்காரங்களுக்கு நாலு முதல் ஆறு. சரியா?"

எல்லாருக்கும் சரியாகப்பட்டது. மோட்டார்க்காரருக்கு மட்டும் லேசாக நெற்றி சுருங்கியது. ஆனால் அவர் என்ஜினோடு மல்லுக்கட்டுகிறவர், எந்த நேரம் என்றாலும் சமாளித்துக்கொள்வார். சும்மா இருந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் சின்னவள் டீத் தட்டோடு உள்ளே வந்தாள். வெல்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார், ஆறு, எட்டு என்று. அவள் கை நின்றது.

ஆற்றில் தண்ணீர் வற்றுகிற வத்தம் ஒரு நாள் இருக்கிற நேரத்தில் மறுநாள் இருக்காது. தினம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிக்கொண்டே போகும். இன்றைக்குக் காலை ஏழு என்றால் ஒரு வாரத்தில் நடுப்பகல். பத்து வயதில் இருந்து அவள் காலுக்கே தெரிந்த கணக்கு அது. சொல்ல வாய் திறந்தாள். திறந்த வாயோடு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் ஒரு தலையும் இல்லை. வெறும் வெயில் மட்டும் இருந்தது.

"சர்க்கரை போதுமாண்ணே?" என்று கேட்டாள்.

வெல்டர் அந்த நேரத்தைச் சிவப்பு எனாமலில் கேட்டின் மேலேயே எழுதிவைத்தார். எழுத்து அழகாக வந்தது. இரண்டு சாவியையும் தன் கொத்திலேயே கோத்துக்கொண்டார். "உன்கிட்ட ஒண்ணு இருந்தா உங்க அக்கா வந்து நிப்பாங்க, நீ கொடுத்துருவ" என்று கிண்டல் போலச் சொன்னார். அது கிண்டல் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முதல் இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தெருவே வெல்டரைப் பாராட்டியது. மூன்றாம் நாள் பெண்கள் அரைச் சாக்கோடு எட்டுக்கு ஓடிவந்தார்கள். நான்காம் நாள் உள்ளே போனபோது திட்டே தெரியவில்லை. கூட்டத்தில் ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர், வாய் மூடாதவள். அவள் கேட்டருகே நின்று வெல்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே, ஆத்துத் தண்ணிக்கு உங்க பட்டறையில வேலை போட்டுக் கொடுத்திருக்கீங்களா? ஆறு மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போக?"

"பேசி முடிச்ச நேரம்மா. உங்க பெரியவங்கதான் ஒத்துக்கிட்டாங்க."

"ஒத்துக்கிட்டவங்க யாராவது ஒருநாள் சேத்துல கால் வெச்சிருக்காங்களா?"

"ஒரு ஆளுக்காக மாத்தினா ஊருக்கே மாத்தணும். பேசுனா பேசுனதுதான்" என்று பூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். தண்ணீர் அங்கே அப்படி நடந்துகொள்ளும் என்பது அவர் மூளையில் ஏறவில்லை. இரும்பைப் பழக்கினவர் அவர். அளந்து வெட்டினால் வெட்டின அளவுதான், நாளைக்கு நீளாது.

சின்னவள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவள் ஆசைப்பட்டது கிடைத்திருந்தது. பகல் முழுக்க முற்றத்தில் ஒரு காலடிச் சத்தம் இல்லை. கீரைப் பாத்தி மிதிபடாமல் தளதளவென்று நின்றது. ஆனாலும் படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்து போய்க் கேட்டைப் பார்ப்பாள். திரும்பி வந்து அடுப்பைத் துடைப்பாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைப்பாள். சொல்லிவிடலாம், இன்றைக்கு ராத்திரி சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். வெல்டர் களைத்து வந்து சாப்பிட உட்காருவார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாள். நாளாக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில்?

ஏழாம் நாள் அமாவாசைக்கு மறுநாள். வத்தம் நடுப்பகலுக்கு மேல். பெண்கள் ஆறு பேரும் எட்டு மணிக்கு முன்னாலேயே கேட் வழியாகப் போய், சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய மணலில் உட்கார்ந்து, தண்ணீர் இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள். மத்தியானம் பொறுக்கிவிட்டுப் பாலத்து வழியாகத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. ஆனால் நாலு நாளாக அரைச் சாக்கும் நிறையாமல் திரும்பியவர்கள். அன்றைக்குத் திட்டு வெகுதூரம் விரிந்து கிடந்தது, கையை விட்ட இடமெல்லாம் மட்டி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றுவிட்டார்கள். கடல் பக்கமிருந்து காற்று வேறு, என்றைக்கும் ஏறாத அளவுக்குத் தண்ணீரைத் தள்ளியது. நிமிர்ந்து பார்த்தபோது பாலத்துப் பக்கப் படுகையில் தண்ணீர் நிறைந்துவிட்டிருந்தது. கேட் நாலு மணிக்குத் திறக்குமே என்று இந்தப் பக்கம் வந்தார்கள்.

மணி மூன்றே கால். சின்னவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. அங்கே மணல்தான் இருக்க வேண்டும்.

துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் ஆறு பேர். தலையில் சாக்கு. முழங்காலுக்கு மேல் தண்ணீர். ரேடியோ பேசாமல் நின்றாள். சின்னவள் கேட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"சாவி?" என்றாள் பெரியவள்.

"அவர்கிட்ட இருக்கு."

"கூப்பிடு."

கூப்பிட்டாள். போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெல்டர் அன்றைக்கு ஒரு மூன்றாம் மாடியில் படிக்கட்டுக்குக் கைப்பிடி தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் காதில் விழாது. நாலு முறை கூப்பிட்டாள். சுத்தியல் எடுத்துவந்து பூட்டை அடித்தாள். அடி தகட்டுப் பெட்டியில்தான் விழுந்தது. நல்ல வேலைக்காரரைக் கட்டிக்கொண்டதற்காக வாழ்க்கையில் முதல் முறையாக வருத்தப்பட்டாள்.

"அக்கா, சுவரோரமா நில்லுங்க, நாலு மணிக்கு வந்துருவார்."

"நாலு மணிக்கு இது மார்புக்கு வரும்டி" என்றாள் பெரியவள். குரலில் கோபம் இல்லை. அவள் தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டில் சிவப்பாக எழுதியிருந்ததையும் ஒரு முறை பார்த்தாள்.

சின்னவள் கேட்டை மேலும் கீழும் பார்த்தாள். கண் மேல் முளையில் போய் நின்றது. முளையின் தலை மொட்டையாக இருந்தது.

"அக்கா! தூக்குங்க! கேட்டைத் தூக்குங்க. மேல பற்றவைக்கல, தூக்குனா கழன்று வந்துரும்!"

"இதையா? யானைக் கனம் இருக்கும்" என்றாள் ரேடியோ. வாய் திரும்பிவிட்டது.

"வாரியை அடியில கொடுத்து நெம்புங்க!"

மட்டி வாருகிற இரும்பு வாரி ஆறு பேரிடமும் இருந்தது. எல்லாம் வெல்டர் பற்றவைத்துக் கொடுத்ததுதான். சாக்குகளைச் சுவரோரம் தண்ணீரில் இறக்கிவைத்தார்கள். மூன்று பேர் தண்ணீருக்குள் குனிந்து வாரியை அடியில் கொடுத்தார்கள், மூன்று பேர் கம்பியைப் பிடித்தார்கள். இந்தப் பக்கம் சின்னவள் ஒருத்தி.

"ஏ... தூக்கு!"

அசையவில்லை. இரண்டாவது முறை கிரீச்சென்றது. மூன்றாவது முறை பெரியவளின் வாரி வளைவது போல இருந்தது, வளையவில்லை. மேல் முளை கழன்றது, கீழ் முளை கழன்றது, பூட்டுப் பக்கம் ஒரு கணம் தொங்கியது. "தள்ளிப் போடி!" என்று பெரியவள் கத்தினாள். சின்னவள் விலகிய இடத்தில், கீரைப் பாத்தியின் மேல், கேட் மல்லாந்து விழுந்தது. கேட்டுக்குப் பின்னாலேயே தண்ணீர் உள்ளே வந்தது. தண்ணீரோடு ஆறு பேரும் வந்தார்கள். கடைசியாக ஏறியவள் பெரியவள், தன் சாக்கோடும் ரேடியோவின் சாக்கோடும்.

நாலு மணிக்கு, ஒரு நிமிஷம் முன்னும் இல்லை பின்னும் இல்லை, வெல்டர் சாவியோடு வந்தார்.

முற்றத்து மேட்டில் பெண்கள் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் கேட் இருந்த இடத்தில் ஆறு தெரிந்தது. கேட் பாதித் தண்ணீரில் கிடந்தது, பூட்டு மட்டும் பூட்டியே இருந்தது. அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"யாரு கழற்றினது?"

"நான்தான்" என்றாள் சின்னவள்.

ரேடியோ முழுக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. கெட்டவர் இல்லை. தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று கேட் இருந்த இடத்தில் போய்க் கையை விட்டுப் பார்த்தார்.

"எனக்கு என்ன தெரியும்? ஏழு மணின்னா தினம் ஏழு மணின்னு நினைச்சேன்" என்றார். "இப்படித் தள்ளித் தள்ளிப் போகும்னு அன்னைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேனா? அத்தனை பேர் இருந்தாங்க. ஒருத்தருக்குமா தெரியல?"

பெரியவள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் சொல்லப்போவதில்லை என்று சின்னவளுக்குத் தெரிந்தது. எத்தனை வருஷம் போனாலும் சொல்ல மாட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

வெல்டர் திரும்பினார்.

"நீங்க எழுதும்போது டீ கொண்டுவந்தேன்ல. அப்பவே தெரியும். சொல்லல."

"ஏன்?"

"கொஞ்ச நாளாவது என் வாசல்ல யாரும் நடக்காம இருக்கட்டும்னுதான்." ஜன்னலைக் காட்டினாள். "அடுப்புல என்ன இருக்குன்னு யாரும் பாக்காம இருக்கட்டும்னு."

பெரியவள் எழுந்து கூடையை எடுத்தாள்.

"ஒரு வாரம் யாரும் நடக்கல" என்றாள். "நல்லாத் தூங்குனியா?"

"இல்லக்கா. ஒருநாள்கூடத் தூங்கல."

பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள். சரி என்றா, வேணும் உனக்கு என்றா, தெரியவில்லை.

தண்ணீர் இறங்கின பிறகு கேட்டை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. வெல்டர் ஒருத்தரால் முடியாது. பெண்களைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவர்கள் கேட்காமலே வந்து பிடித்தார்கள். உட்கார்ந்ததும் அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி கேட்டார்.

"அண்ணி, நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணிக்குப் போவோம். மூணுக்குள்ள வரணும். நாளான்னைக்கு அதுக்கும் மேல முக்கால் மணி."

"தினம் இப்படின்னா நான் பட்டறையை விட்டுட்டு எப்படி..."

"நீங்க எதுக்கு தம்பி? தெரிஞ்சவதான் வீட்டுல இருக்காளே."

வெல்டர் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். மனைவியின் கையில் வைக்கவில்லை. ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்றும் மறுநாளும் அவளிடம் பேசவில்லை. மேல் முளையில் அந்த ஒரு சொட்டையும் வைக்கவில்லை. மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா என்று அவள் கேட்கவில்லை.

எனாமல் எழுத்து அழியாது. அதற்குக் கீழே சின்னவள் தினமும் சாக்பீஸால் அன்றைய நேரத்தை எழுதினாள். திறந்தாள், பூட்டினாள். திறக்கிற நேரத்துக்கு வெளியே தீப்பெட்டி கேட்டு வந்த தூண்டில்காரரைத் திருப்பி அனுப்பினாள். அவர் முனகிக்கொண்டே போனார். பெரியவள் வந்தாள், போனாள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. படியில் ஒன்றும் வைக்கவில்லை. ஒருநாள், இரண்டு நாள், ஐந்து நாள். அவள் காலடி மட்டும் எதுவென்று சின்னவளுக்குத் தெரியும், கேட்டிலிருந்து ஜன்னல்வரை பதினாலு அடி. அதை எண்ணிக்கொண்டே எதையாவது கிளறிக்கொண்டிருப்பாள்.

ஆறாம் நாள் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பத்து, பதினொன்று என்று எண்ணினாள். பதினாலில் காலடி நின்றது.

"அடுப்பைக் குறைடி. அடி பிடிக்குது."

எரிச்சலாகத்தான் இருந்தது. சுருக்கென்று அதே இடத்தில் தைத்தது. சின்னவள் அடுப்பைக் குறைத்தாள்.